இணைபிரியாப் பூசைகள்

வெருகினைப் பூசை என வழங்குதல் தள்ளத்தக்கதன்று என்கிறது தொல்காப்பிய மரபியல். அதன் இளமைப் பெயர் குட்டி என்றும், பறழ் என்றாலும் பொருந்தும் என்றும் அந்நூல் வகுக்கின்றது. பூசைகள் இரண்டினிடையே நிலவும் உறவினை அது பேசவில்லை. இலக்கணத்தின் வேலையும் அதுவன்று. அவ்வுறவை அறிய வேண்டியவர், அவற்றை வீட்டில் சேர்த்துக் கொள்வோரே.

பட்டினச்சேரியில் மீன் இறங்கும் வரை திருமலைராயன்பட்டினத்தில் பூனைக்குப் பஞ்சம் வராது. பிழைப்பு நாடியோ பிள்ளைகளோடு வாழவோ அயல்நாடு செல்வோர் வீட்டைப் பூட்டும்போது, ஒன்றாய் வளர்ந்த இரு பூனைகள் திண்ணையில் எஞ்சி நிற்பதுண்டு. கோணிப்பையில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவருவோர் கொடியர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘உங்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று’ எனப் பங்கிடும் நல்லவர்களும், அறியாமலே ஒரு பிரிவினைச் செய்து விடுகின்றனர்.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியக் காட்டுப்பூனை என 2007-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. அவ்விலங்கு தனித்து வேட்டையாடுவது. தனிமையே இயல்பான ஓர் இனத்தில் இரண்டு இணங்கி வாழ்வதாயின் அவ்விணக்கம் எளிதில் வாய்த்ததன்று. ஒரே தட்டில் உண்பதை மட்டும் வைத்து இணை என்று முடிவு கட்டலாகாது. பசியும் அவ்வாறு சேர்த்து வைக்கும். உடலோடு உடல் ஒட்டி உறங்குதல், ஒன்றன் தலையையும் கழுத்தையும் மற்றொன்று நக்கித் தூய்மை செய்தல், வால் உயர்த்தி வந்து உரசுதல் ஆகியவையே உண்மை அடையாளங்கள். இத்தகைய இணையைப் பிரித்தால், ஒன்று மற்றொன்றைத் தேடிக் கத்துவதையும் உணவை வெறுப்பதையும் காணலாம்.

பயணம் ஒன்றில் தோழர்கள் சிறு பறவை ஒன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பித் தரப் பணித்தார்கள் என்பது அபூதாவூதில் பதிவான செய்தி. பிரிவின் துயரைப் பறவைக்கும் உரியதாக மதித்த அந்த நோக்கே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

இணையாக வந்தவற்றை முதலில் ஒரே அறையில் சில நாள் இருத்துதல் நலம். பழைய வீட்டின் கைலியோ விரிப்போ உடன் வைத்தால், அதன் மணம் அச்சத்தைத் தணிக்கும். உணவுத் தட்டுகள் இரண்டு, மணல் தட்டுகள் மூன்று வேண்டும். உணவளிக்காமலும் தானே இரை தேட விடாமலும் பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை அறிந்தவர்க்கு, அடைத்து வைப்பதன் பொறுப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அன்பைப் பெறும் வழி யாது? தூக்காதிருத்தல், துரத்தாதிருத்தல், கட்டிலடியில் ஒளிந்ததைக் கையிட்டு இழுக்காதிருத்தல். தரையில் அமர்ந்து ஓதுங்கள், படியுங்கள், அவை தாமே வரும். இரண்டில் துணிந்தது முதலில் நெருங்கும். அதைக் கண்டு மற்றதும் தொடரும். இணையாக வளர்ப்பதில் நமக்கு வாய்க்கும் பெரும் உதவி இதுவே. கண்களை மெல்ல மூடித் திறந்து நோக்கும் மனிதரைப் பூனைகள் நாடி வருகின்றன எனச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டனர்.

உளூச் செய்ய வைத்த நீரைப் பூனை நாடி வர, அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா வியந்து நோக்கவே, பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என நபியவர்கள் நவின்றதை எடுத்துரைத்தார்கள். உறங்கிய பூனைக்காக அங்கியின் கையை அறுத்த கதை மேடைதோறும் சொல்லப்படுகின்றது. ஏற்கப்பெற்ற நபிமொழித் தொகுப்புகளில் அது இல்லை. சாய்த்த பாத்திரம் இருக்க, அறுத்த அங்கி நமக்கு எதற்கு?

மீனை வேகவைத்துத் தருக. அதில் வெங்காயமும் பூண்டும் சேரலாகாது, அவை பூனைக்கு நஞ்சு. பாராசிட்டமால் மாத்திரையோ உயிரையே பறிக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை. ஆணும் பெண்ணுமாயின், ஒரே ஈற்றில் பிறந்தவையாயினும், ஆறு மாதத்திற்குள் கருத்தடை செய்தல் வேண்டும். மருத்துவமனை சென்று மீண்ட பூனையின் மீது வேற்று மணம் வீசுவதால், வீட்டிலிருந்த துணையே அதனை அயலதாக எண்ணிச் சீறுவதுண்டு. ஆகவே ஒன்றுக்கு மட்டும் ஊசி போடச் செல்லினும், மற்றதையும் ஒரு கூடையில் உடன் கொண்டு செல்வது நன்று.