முதலில் எந்த ஏலைக் காய்ச்சுவது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில், வீட்டில் பீர் காய்ச்சப் பழகுகிறவர்களுக்கு வார இறுதிகளில் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, ‘என்ன காய்ச்சப் போகிறீர்கள்?’ என்பதுதான். சில வருடங்களாகப் பெரும்பாலோரிடமிருந்து வரும் பதில் ஒன்றே: ஹேஸி ஐபிஏ. கடை அலமாரி முழுக்க அதுதான் இருக்கிறது, நண்பர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். வேறு சிலருக்கு வீட்டிலிருந்து நெருக்கடி. அப்பா பல வருடங்களாகக் கராஜில் மூன்று கெட்டில் வைத்துத் தானியத்திலிருந்தே காய்ச்சுகிறவராக இருப்பார். பிள்ளை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வாங்கிவந்தால் அவருக்குக் கௌரவக் குறைவு. ‘செய்தால் முழுசாகச் செய், இல்லாவிட்டால் விட்டுவிடு’ என்று சொல்லி அனுப்புவார். இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒன்றிரண்டு முறை முயன்றுவிட்டுப் பாத்திரங்களை விற்றுவிடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துபோயிருக்கிறது. கைப்பக்குவம் உள்ள பிள்ளைகள் அவர்கள். ஆரம்பம் மட்டும்தான் தப்பு.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை, அதாவது சுமார் 757 லிட்டர், சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. பிரிட்டனில் 1963இலேயே உரிமம் வாங்க வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஆகவே இது அனுமதி உள்ள ஊர்களில் வாழ்கிறவர்களுக்கான வழிகாட்டி.

ஹாப்ஸ் மணக்கும் ஏல் வேண்டும் என்று வருகிறவருக்கு நான்கு வழிகள் உண்டு. இங்கிலீஷ் பிட்டர், அமெரிக்கன் பேல் ஏல், வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ, ஹேஸி ஐபிஏ. முதல் மூன்றில் எதை எடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன். பிட்டரில் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸின் மெல்லிய மணமும் நாலு சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் இருக்கும். சீக்கிரம் தயாராகும், சீக்கிரம் குடித்து முடிக்க வேண்டும். வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ கசப்பும் தெளிவும் கொண்டது, செலவு கொஞ்சம் கூடும். பேல் ஏலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். காய்ச்சும் முறையைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மூன்று தடவை மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பிறகு தானியத்தைப் பையில் கட்டி ஊறவைக்கும் ஆஸ்திரேலிய முறை. மூன்று கெட்டிலை அப்பாவே வைத்துக்கொள்ளட்டும்.

நான்காவது வழியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹேஸி ஐபிஏ வெர்மாண்ட் மாநிலத்திலிருந்து பரவியது. வாட்டர்பரி என்ற சின்ன ஊரில் ஜான் கிம்மிச் நடத்திய ‘தி ஆல்கெமிஸ்ட்’, தன் ‘ஹெடி டாப்பர்’ பீரை 2011இல் டின்னில் அடைக்கத் தொடங்கியதும் அதை வாங்க ஜனங்கள் தொலைதூரத்திலிருந்து கார் ஓட்டி வந்தார்கள். 2018இல் அமெரிக்க மதுவடிப்பாளர் சங்கம் இதைத் தனி வகையாகவே பட்டியலில் சேர்த்தது. நல்ல கையில் அருமையான பீர்தான், அதை மறுக்கவில்லை. மாம்பழமும் ஆரஞ்சும் சேர்ந்த மணம், நாக்கில் வழுவழுப்பு, கசப்பு குறைவு. கசப்பு பிடிக்காதவர்களும் பீர் பக்கம் வந்தது இதனால்தான். ஆனால் கற்றுக்கொள்கிறவரின் முதல் பீராக இதைவிட மோசமான தேர்வு இல்லை.

முதல் காரணம் காற்று. இந்த வகையில் லிட்டருக்குப் பத்து, பதினைந்து கிராம் ஹாப்ஸ் நொதித்த பிறகு போடுவார்கள். 19 லிட்டர் பாத்திரத்துக்கு 200 முதல் 300 கிராம். கூடவே ஓட்ஸ், கோதுமை. இப்படிப்பட்ட பீரில் துளி ஆக்ஸிஜன் பட்டால் போதும், நிறமும் மணமும் கெட்டுவிடும். பெரிய மதுவடிப்பகங்கள் தொட்டியிலிருந்து டின் வரைக்கும் கார்பன் டை ஆக்ஸைடு நிரம்பிய குழாயிலேயே பீரை நகர்த்துகின்றன. வீட்டில் ரப்பர் குழாய் போட்டு வாளியிலிருந்து பாட்டிலுக்கு இறக்குகிறவரால் அது முடியாது. என் மாணவர் ஒருவர் கொண்டுவந்த பாட்டில்கள் கண்முன்னே நிற்கின்றன. அடைத்த அன்று அன்னாசிச் சாறு மாதிரி வெளிர் மஞ்சளாக இருந்ததாம். மூன்றாவது வாரம் வகுப்பில் திறந்தபோது பழுப்பும் சாம்பலும் கலந்து, ஓரத்தில் லேசாக ஊதா ஓடிய நிறம். மாம்பழ வாசனை இருந்த இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. குடித்தால் மந்தமான இனிப்பு மட்டும் மிஞ்சியது. சுத்தமாகவும் கவனமாகவும் வேலை செய்கிற பெண் அவர். ஹாப்ஸுக்கு மட்டுமே கொடுத்த பணத்தில் இரண்டு பேல் ஏல் காய்ச்சியிருக்கலாம். ‘எங்கே தப்பு செய்தேன்?’ என்று கேட்டார். கைவேலையில் தப்பே இல்லை, எடுத்த பீர்தான் தப்பு என்பதை அவருக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

இரண்டாவது, நொதித்து முடிந்ததாக நினைத்த பீர் மறுபடியும் நொதிப்பது. பச்சை ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்கள் கொஞ்சம் உண்டு. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின்களை அவை சர்க்கரையாக்கிவிடும், ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்கும். பிரவுன், மோரிஸ் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893இலேயே இதை எழுதிவைத்தார்கள். மறந்துபோயிருந்ததை எங்கள் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சமீபத்தில் திரும்ப எடுத்து நிரூபித்தார்கள். ஹாப்ஸ் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். நடுவில் பாட்டிலில் அடைத்துவிட்டால் வாயு மிதமிஞ்சி ஏறும். மூடியைத் திறந்தால் பாதி பீர் கூரையில், சில சமயம் பாட்டிலே வெடிக்கும். வெண்ணெய் வாசனையும் வரும். அது டைஅசிட்டைல்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஹேஸி ஐபிஏ காய்ச்சினால் நீங்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. கலங்கலாக இருப்பது அதன் இயல்பு என்பதால், ஈஸ்ட் சரியாகப் படியவில்லையா, கொதி போதவில்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. கெட்டிலில் கசப்பு ஏறும் கணக்கை நீங்கள் பழகவே மாட்டீர்கள், ஏனென்றால் அந்தப் பீரில் அது பெரும்பாலும் இல்லை. சூட்டில் நொதித்ததால் வந்த வாசனையா, ஹாப்ஸின் பழ வாசனையா என்று மூக்குக்குப் பிரித்தறிய முடியாது. நன்றாக வந்தால் ஏன் வந்தது என்று தெரியாது, கெட்டாலும் காரணம் தெரியாது. பீர் தன் குறையை நமக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். முதல் வருடத்தில் அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

ஆகவே பேல் ஏல். என் சாய்வு இதன் பக்கம்தான், மறைக்கவில்லை. கேஸ்கேட் ஹாப்ஸ் எங்கள் மாநிலத்துக் கொர்வாலிஸில் வளர்த்தெடுக்கப்பட்டு 1972இல் வெளியானது. அதை வைத்து, வீட்டில் காய்ச்சிப் பழகிய, சிக்கோ நகரில் வீட்டு பீர் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன் 1980இல் சியரா நெவாடா பேல் ஏலைக் கொண்டுவந்தார். அமெரிக்கன் பேல் ஏல் என்றால் இன்றும் பலருக்கு நினைவில் வருவது அதுதான். கேஸ்கேட் பெல்லட் ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பச்சைத் தூள் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும், கிரேப்ஃப்ரூட் தோலும் பைன் மரமும் கலந்த மணம் எழும். எனக்கு இதற்கு மேல் ஒரு ஹாப்ஸ் இல்லை. (வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், நாய்க்கு அது விஷம், உயிரையே வாங்கும்.)

19 லிட்டருக்குக் கணக்கு இது. வெளிர் நிற மால்ட் எக்ஸ்ட்ராக்ட் தூள் 2.7 கிலோ. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கேம்ப்டன் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பீரில் ஆஸ்பத்திரி வாசனை வரும். கொதி ஒரு மணி நேரம். கொதி எழும் அந்தச் சில நிமிடங்களில் அடுப்பை விட்டு நகரக் கூடாது, நுரை பொங்கி அடுப்பெல்லாம் பாகாகிவிடும். நுரை அடங்கியதும் பத்து சதவீத ஆல்ஃபா அமிலம் உள்ள சென்டென்னியல் ஹாப்ஸ் 20 கிராம். இந்த அமிலம் நீண்ட கொதியில்தான் உருமாறிக் கசப்பாகக் கரையும். மணம் தரும் எண்ணெய்களோ அதே கொதியில் ஆவியாகிப் பறந்துவிடும். ரசத்துக்குக் கொத்தமல்லியை இறக்கும்போது போடுகிற மாதிரி, மணத்துக்கான ஹாப்ஸைக் கடைசியில் போட வேண்டும். பத்து நிமிடம் இருக்கும்போது கேஸ்கேட் 28 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னொரு 28 கிராம்.

பிறகு செம்புச் சுருள் குழாயில் தண்ணீர் ஓடவிட்டு 18 டிகிரிக்கு ஆற்றுங்கள். இந்த நிமிடம் முதல் பீரைத் தொடும் எதுவும் கிருமிநாசினியில் நனைந்திருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.052 ஒட்டி வரும். சிக்கோ வகை உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட், 11.5 கிராம். ஏர்லாக்கைப் பொருத்தி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். அறை 20 டிகிரி என்றால் உள்ளே அதற்கு மேல் சில டிகிரி இருக்கும், ஏனென்றால் ஈஸ்ட் வேலை செய்யும்போது சூட்டைக் கிளப்பும். கோடையில் ஈரத் துண்டைச் சுற்றி மின்விசிறி போட்டாலே குறையும். முதல் மூன்று நாள் இந்தச் சூட்டைக் கட்டுப்படுத்துவதற்கு நிகராக வேறு எந்த வேலையும் பீரின் ருசியை மாற்றாது. விலை உயர்ந்த கெட்டிலும் மாற்றாது.

ட்ரை ஹாப்பிங்குக்கு, அதாவது நொதித்த பிறகு ஹாப்ஸ் போடுவதற்கு, அவசரப்பட வேண்டாம். இரண்டு வாரம் போல ஆனதும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவும் 1.012 பக்கத்தில் ஒன்றாக நின்றால் நொதித்தது முடிந்தது. அப்போது கேஸ்கேட் 56 கிராம், மூன்றே நாள். ஒரு வாரம் ஊறினால் மணம் கூடும் என்று நினைக்கிறார்கள். கூடுவது பெரும்பாலும் புல் வாசனைதான். அடைப்பதற்கு முன் அளவை மறுபடியும் பாருங்கள். இறங்கியிருந்தால் நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும் 110 கிராம் சோளச் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துக் கலந்து பாட்டிலில் அடைத்து, இரண்டு வாரம் அறைச் சூட்டில் வைத்துவிட்டுப் பிறகு குளிரவையுங்கள். ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

வகுப்பில் என்னிடம், ‘எனக்கு இது வருமா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. பாத்திரம் கழுவுவதில் சலிப்பு இல்லையா, எழுதிவைக்கும் பழக்கம் உண்டா, மூடியைத் திறந்து பார்க்காமல் பத்து நாள் இருக்க முடியுமா என்று திருப்பிக் கேட்பேன். வேதியியல் பட்டம் பெற்றவர்களுக்கு அவசரம் தாங்காமல் போயிருக்கிறது. அடுக்களையில் வாசனையை வைத்தே உப்புப் பார்க்கிறவர்கள் ஆறு மாதத்தில் எனக்கே பாடம் சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். நண்பரின் நாக்கையும் அப்பாவின் கெட்டிலையும் நம்பித் தொடங்காதீர்கள். உங்கள் மூக்கு எதைத் தேடுகிறதோ அதைக் கண்டுபிடிக்க அவகாசம் கொடுங்கள். தெளிவான, எளிய ஒரு பீரை இரண்டாவது தடவையும் அதே ருசியில் கொண்டுவருகிறவரை நான் கெட்டிக்காரர் என்பேன்.

இரண்டாவது தடவை எதையும் மாற்றாமல் அதையே காய்ச்சுங்கள். மூன்றாவதில் கேஸ்கேடை எடுத்துவிட்டு அமரில்லோ போடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். நான்காவதில் பத்து நிமிட ஹாப்ஸை அடுப்பு அணைத்து 80 டிகிரிக்கு ஆறிய பிறகு போட்டு, கசப்பு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ. ஹேஸி ஐபிஏ ஆசை அப்போதும் போகவில்லை என்றால், கெக்கும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும் வாங்கிக் காற்றுப் படாமல் நகர்த்தப் பழகிய பிறகு காய்ச்சுங்கள். அப்போதும் 19 லிட்டருக்கு 150 கிராமுக்கு மேல் ட்ரை ஹாப் வேண்டாம். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் பழ மணம் அதே வேகத்தில் கூடுவதில்லை, மூலிகையும் தேயிலையும் போன்ற வாசனைதான் மேலோங்குகிறது என்று 2018இல் எங்கள் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களே அளந்து காட்டியிருக்கிறார்கள்.