ரிச்சி தெருவுக்குப் போகும் முன்

பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் செல்லும் பெற்றோரே, அது வீண்விரயமாகாமல் இருக்க இவற்றைக் கவனியுங்கள்.

1. ரவுட்டர்: ஃபைபர் இணைப்புடன் வரும் பெட்டியிலேயே பெரும்பாலும் வைஃபை இருக்கும், இருந்தால் தனி ரவுட்டர் வேண்டாம். வாங்குவதானால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். முதலாவது சுவர் தாண்டி எட்டும். இரண்டாவது அருகில் வேகம் தரும். கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

2. கையடக்கக் கணினி: 2012-ல் பிரிட்டனில் அறிமுகமான ராஸ்பெர்ரி பை, ஏடிஎம் அட்டை அளவே இருக்கும். எச்டிஎம்ஐ உள்ள டிவியில் இணைத்துத் தட்டச்சும் பைத்தானும் பழகலாம். அடாப்டர், மெமரி கார்டு, கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனி விலை. மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். இதில் வழக்கமாக இயங்குவது லினக்ஸ். பி.காம் படிக்கும் பிள்ளைக்கு டேலி பழக வேண்டுமென்றால் பழைய லேப்டாப்பே பொருத்தம்.

3. பழைய லேப்டாப்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேளுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் இயக்கிப் பாருங்கள். வரிசை எண் குறித்த பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்றால் பணமும் போகும், வழக்கும் வரும்.