மூவாயிரம் புக்மார்க்கை என்ன செய்வது?

கேள்வி: சின்னாளபட்டிச் சேலை நெசவைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் சேமித்து மூவாயிரம் புக்மார்க் சேர்ந்துவிட்டது. படித்தது நூறு இருந்தால் அதிகம். பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் பாக்கெட் செயலியை மூடியதில் பாதி போய்விட்டது. மிச்சத்தை அழிக்கவும் பயம், திறக்கவும் பயம். - ம.செ., காந்திகிராமம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மொசில்லா நிறுவனம் 2025 ஜூலை 8ஆம் தேதி பாக்கெட்டை நிறுத்தியபோது உங்களிடமிருந்து போனது பட்டியல்தான், கட்டுரைகள் அல்ல. அவை அவற்றை வெளியிட்ட தளங்களில்தான் இருக்கின்றன. தலைப்பில் இரண்டு சொல் நினைவிருந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம்.

ஆனால் ஒன்று. புக்மார்க் என்பது முகவரி மட்டுமே. வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போனால் முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போயின என்கிறது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம். ஆகவே நீங்கள் பயப்பட வேண்டியது அழிப்பதற்கு அல்ல. முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதற்குத்தான். ஒன்றைச் சேமித்ததுமே அதைப் படித்துவிட்டது போன்ற திருப்தி வந்துவிடுகிறது. ஆய்வு மாணவர்களிடம் இது சகஜம்.

முதலில், பிரவுசரின் புக்மார்க் மேலாளரில் 'ஏற்றுமதி' என்பதை அழுத்துங்கள். மூவாயிரமும் ஒரே கோப்பாக இறங்கும். அதைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிட்டால், பிறகு எதை அழித்தாலும் இழப்பில்லை. அதன்பின் பிரவுசரைக் காலி செய்யுங்கள். மூவாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க உட்காராதீர்கள். அது முடியாத வேலை. இப்போது எழுதும் அத்தியாயத்துக்கு வேண்டியதை மட்டும் கோப்பிலிருந்து எடுங்கள்.

எடுத்ததை எங்கே வைப்பது? கூட்டுறவுச் சங்க நெசவாளர் கூலி பற்றிய கட்டுரையை 'சின்னாளபட்டி' உறையில் போடுவதா, 'கூட்டுறவு' உறையிலா, 'கூலி'யிலா? இந்தத் தலைவலிக்குச் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933லேயே வழி சொல்லிவிட்டார். அவருடைய கோலன் பகுப்பு முறை ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் பொருள், செயல், இடம், காலம் என்று முகங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நீங்களும் உறைகளை விட்டுவிட்டுக் குறிச்சொற்களை (டேக்) இடுங்கள்: கைத்தறி, கூலி, சின்னாளபட்டி, 1980கள். எந்தச் சொல்லில் தேடினாலும் கட்டுரை வந்து நிற்கும். இதற்கு ஜோடெரோ என்ற இலவச மென்பொருள் போதும். பக்கத்தின் நகலையும் பார்த்த தேதியையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். அடிக்குறிப்பு எழுதும்போது அந்தத் தேதியின் அருமை தெரியும்.

எல்லாவற்றுக்கும் நகல் வேண்டாம். சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) உள்ள ஆய்வேடுகளுக்கு நிலையான முகவரி உண்டு, இணைப்பே போதும். நெசவாளர் ஒருவர் தன் வலைப்பூவில் எழுதிய நினைவுகள், சிறுபத்திரிகைப் பேட்டி, வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் அரசுத் தளத்து அறிவிப்பு ஆகியவைதான் ஆபத்தில் இருப்பவை. அவற்றை உடனே பிடிஎஃப் ஆக்குங்கள். 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தால் அந்த முகவரியை வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களின் காப்பகம்) இட்டுப் பாருங்கள். பல நேரம் கிடைத்துவிடும்.

இன்று இரவு அந்த ஏற்றுமதியை மட்டும் செய்து முடியுங்கள். மற்றதற்கு அவசரமில்லை.