பம்பு ஓடுமா? இப்போதே ஓட்டிப் பாருங்கள்

டிசம்பர் வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் இது. ஜனவரியையும் சாதாரணமாக எண்ண முடியாது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4தான். தஞ்சோங் பகாரில் அலுவலகக் கட்டடத்தின் நிலத்தடித் தளமோ, கடைவீட்டு உணவகத்தின் பின்கட்டோ, எங்கே நீர் இறைக்கும் பம்பு இருந்தாலும் இந்த வாரமே அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பம்புக் குழியில் கொஞ்சம் நீர் விட்டு மிதவையைத் தூக்குங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு மோட்டார் ஓடினால் நல்லது. 'டரர்' என்று அதிர்ந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சான கான்டாக்டர் முழுதாக ஒட்டவில்லை. உடனே நிறுத்திவிட்டு, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். மூடியைத் திறப்பது அவர் வேலை.

அவர் முதலில் பார்க்க வேண்டியது கான்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2 முனைகளில் வரும் வோல்ட். மோட்டார் கிளம்பும் நொடியில் அளக்க வேண்டும். அப்போதுதான் மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ட் காயிலுக்கு 195க்குக் கீழே போனால் பிடிப்பு உறுதியில்லை. வோல்ட் சரியாக இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கரைப் பூட்டிவிட்டுக் கான்டாக்டரைக் கழற்றலாம். காந்த முகத்தில் துரு, உடைந்த உலோக வளையம், எறும்புக் கூட்டம், நசுங்கிய பல்லி, இந்த ஊர் ஈரத்தில் எதுவும் இருக்கலாம். முகம் சேராதவரை காயில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து எரியும். காரணத்தை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும்.

கான்டாக்டரின் தொடுமுனைகள் கறுத்திருந்தால் அரம் போட வேண்டாம். கறுப்பு இயல்பானதுதான், அரம் தேய்ப்பது வெள்ளிக் கலவையை. குழி விழுந்து மெலிந்திருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால் 13-14 துணைமுனையைச் சந்தேகியுங்கள். கான்டாக்டர் அசையவே இல்லையென்றால், ஓவர்லோடு ரிலேயின் 95-96 திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ரிலே டிரிப் ஆனால் பலர் செய்வது, அதன் திருகைக் கொஞ்சம் கூட்டி வைப்பது. அடுத்து எரிவது மோட்டார். மூன்று பேஸிலும் ஆம்பியரை அளக்கச் சொல்லுங்கள். ஒன்று வராவிட்டால் மற்ற இரண்டும் ஏறும். நேரடியாகக் கிளம்பும் மோட்டாருக்குத் திருகு நிற்க வேண்டியது பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரில்தான். ஸ்டார்-டெல்டாவில் ரிலே மோட்டாரின் சுருள்களோடு இணைந்திருந்தால் அதில் 0.58 பங்கு. ஸ்க்ரூடிரைவரால் கான்டாக்டரை அழுத்தி ஓட்டும் பழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

உதிரிக் கான்டாக்டர் ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். வாங்கும்போது காயிலில் 230 என்று இருக்கிறதா, 400 என்றா, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.