இமைப்பொழுதும் படச்சட்டமும்

எழுத்தொலிக்குக் கால அளவு கூறப் புகுந்த தொல்காப்பியர், கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரை என வகுத்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் அக்கணக்கைப் பல்லாண்டுகளாக வகுப்பிற் கற்பித்து வரும் எமக்கு, அவ்விமைப்பொழுதினுள்ளே ஆறு படங்களுக்குக் குறையாமல் மாறிச் செல்லும் கணினித் திரையின் கணக்கையும் ஆராயும்படி நேர்ந்தது. ஆராய்ந்து கண்டவை விளையாட்டு நிரல் எழுதப் பழகும் இளைஞர்க்குப் பயன்படும் எனக் கருதி இம்மலரில் எழுதுகின்றோம்.

எமது கல்லூரித் தமிழ்ச் சங்கத்தைச் சேர்ந்த மேல்வகுப்பு மாணவர் மூவர், கீழ்வகுப்பாருக்கென உலாவியில் இயங்கும் சிறு விளையாட்டொன்றை ஆக்கினர். திரையின் மேலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வீழும். அடியில் ஒரு செங்கோடு உண்டு. எழுத்து அக்கோட்டைக் கடக்குமுன், குறிலாயின் இடப்பக்க விசையையும் நெடிலாயின் வலப்பக்க விசையையும் அழுத்தல் வேண்டும். சங்க விழாவுக்கான தெரிவுப் போட்டியிலே ஏழாம் வகுப்பு மாணவனொருவன் தொடக்கத்தில் மிக நன்றாக ஆடி, இறுதியில் எட்டு எழுத்துகளைத் தவறவிட்டான். "நான் நேரத்துக்கு அழுத்தினனான் சேர், எழுத்துத்தான் பாய்ஞ்சது" என்றான். கவனம் போதாது என்று நாம் அவனைக் கடிந்தனுப்பினோம். மாலையில் அதே கணினியின் முன் நாமே அமர்ந்து ஆடியபோதுதான், வீழும் எழுத்து நடுவழியில் ஒரு கணம் நின்று, மறுகணம் கோட்டுக்கு அப்பாற் கிடப்பதைக் கண்டோம்.

நிரல் எழுதியோர் தம் புதிய கணினியில் இக்குறையைக் கண்டிலர். கணினி பழையது, புதியது வாங்க வேண்டும் என்றனர். வாங்குதற்குப் பணம் இல்லை என்பது ஒருபுறமிருக்க, காரணம் அறியாது பரிகாரம் தேடுதல் எமக்கு உடன்பாடன்று.

திரையில் எதுவும் உண்மையாக நகர்வதில்லை. அசையாப் படங்கள் விரைந்து மாறுதலையே கண் அசைவெனக் கொள்கின்றது. அப்படங்களுள் ஒவ்வொன்றும் ஒரு சட்டம் எனப்படும். பெரும்பாலான திரைகள் செக்கனுக்கு 60 முறை தம்மைப் புதுப்பிக்கின்றன. 120, 144 முறை புதுப்பிப்பனவும் உள. 60 முறை எனின் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். இடம்பெயர்ப்பது, விடையைச் சரிபார்ப்பது, படம் வரைவது யாவும் அதற்குள் முடிதல் வேண்டும். ஒரு மில்லிசெக்கன் பிந்தினாலும், புகைவண்டியைத் தவறவிட்டவன் அடுத்த வண்டி வரை காத்திருப்பதுபோல, அப்படம் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கும். முன்னைய படமே 33.3 மில்லிசெக்கன் திரையில் நிற்கும்.

மாணவர் திரையின் மூலையில் செக்கனுக்கு எத்தனை சட்டம் என்று காட்டும் எண்ணொன்றை வைத்திருந்தனர். அது 55 என்று காட்டியது. அறுபதுக்கு ஐம்பத்தைந்து நல்ல புள்ளியன்றோ என்று அவர்கள் எண்ணினர். ஒரு செக்கனில் 54 சட்டங்கள் 16.7 மில்லிசெக்கன் வீதம் ஒழுங்காக வந்து, ஒன்று மாத்திரம் 100 மில்லிசெக்கன் எடுத்தாலும் அவ்வெண் 55 என்றே வரும். நேரிசை வெண்பாவின் பதினைந்து சீரும் சொல்லழகு பெற்றிருப்பினும் ஓரிடத்திலே தளை தட்டினால் செவி அங்கேயே நிற்குமன்றோ? சராசரி அவ்விடத்தை மறைத்துவிடும். ஆதலின் அவ்வெண்ணை அகற்றி, ஒவ்வொரு சட்டமும் எடுத்த காலத்தைத் தனித்தனியே கோடாக வரையவும், 25 மில்லிசெக்கனை மீறியவற்றைச் செந்நிறத்திற் காட்டவும் செய்தோம். நோய் ஒன்றன்று, பல கலந்தது என்பது அப்போது புலனாயிற்று.

கோட்டிலே தெரியாது கண்ணுக்கு மாத்திரம் தெரிந்த மெல்லிய துடிப்பொன்று புதிய கணினியிலும் இருந்தது. நிரலை 16 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை இயக்குமாறு 'செற் இன்ரேவல்' என்னும் கட்டளையை மாணவர் பயன்படுத்தியிருந்தனர். அவ்வாறாயின் நிரல் செக்கனுக்கு 62.5 முறை இயங்கும். திரையோ 60 முறைதான் மாறும். செக்கனுக்கு இரண்டரை அடிகள் மிகையாகி, ஒரு புதுப்பிப்பிலே ஈரடி பாயும். 'ரிக்வெஸ்ற் அனிமேஷன் ஃபிறேம்' என்னும் கட்டளை இக்குறையைத் தீர்க்கும். உலாவி தான் அடுத்த படத்தை வரைய ஆயத்தமாகும் வேளையில் நிரலை அழைத்து, அவ்வேளையின் நேரத்தையும் உடன் தருகின்றது. ஆயினும் சட்டத்துக்கு இரண்டு புள்ளி என்று எழுத்தை நகர்த்தினால், 120 முறை புதுப்பிக்கும் திரையில் விளையாட்டு இருமடங்கு வேகத்தில் ஓடும். செக்கனுக்கு 120 புள்ளி என வேகத்தை வைத்து, கழிந்த காலத்தாற் பெருக்குதலே முறை. வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்து மீள்வோருக்குக் கழிந்த காலம் சில நிமிடங்களாகவும் இருக்கலாம்; அதற்கு 50 மில்லிசெக்கன் போன்றதோர் உச்ச எல்லை இடாவிடின், எழுத்து திரையையே விட்டு வீழ்ந்துவிடும்.

பழைய கணினியில் எப்பொழுதும் காணப்பட்ட மந்தம் வேறு வகையது. இதனை அறிய எளிய சோதனையொன்றுண்டு. 2004ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் புகுத்திய 'கன்வஸ்' என்னும் வரைபரப்பிலேதான் இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலும் வரையப்படுகின்றன. அப்பரப்பின் அகலத்தையும் உயரத்தையும் அரைவாசியாக்கிப் பாருங்கள். புள்ளிகள் காற்பங்காகும். வேகம் கூடினால் குற்றம் வரைதலில். கூடாவிடின் பெரும்பாலும் கணக்கீட்டில். எமக்கு வேகம் கூடிற்று. எழுத்துகளைச் சூழ ஒளிவட்டம் போன்றதொரு மங்கல் நிழலை மாணவர் இட்டிருந்தனர். அழகுதான், ஆனால் அந்நிழலைச் சட்டந்தோறும் புதிதாகக் கணித்தல் பெருஞ்செலவு. தமிழெழுத்தை வரைதலும் இலேசான காரியமன்று. 'கொ' என்பது நினைவகத்தில் ககரமும் அதனையடுத்த ஒகரக் குறியுமாக நிற்ப, திரையில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிதல் வேண்டும். எழுத்து ஒவ்வொன்றையும் அதன் நிழலோடு மறைவான வரைபரப்பொன்றில் ஒருமுறை மாத்திரம் வரைந்து வைத்து, பின்னர் அதைப் படமாக எடுத்து ஒட்டுமாறு மாற்றினோம். மந்தம் நீங்கிற்று.

எஞ்சியது அந்தப் பெரும் பாய்ச்சல். மாணவனைத் தோற்கடித்தது அதுவே. செங்கோடுகளை நோக்கியபோது, அவை விடையளித்த இடங்களில் மாத்திரம் தோன்றுவதையும், ஆட்டம் நீள நீள உயர்வதையும் கண்டோம். குரோம் உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தினால் வரும் செயற்றிறன் பதிவு, அவ்விடங்களில் நிரலோட்டத்தைக் குறிக்கும் மஞ்சட்பட்டை நீண்டு கிடப்பதைக் காட்டிற்று. (புதிய கணினியின் வேகத்தை நான்கு மடங்கு, ஆறு மடங்கு குறைத்துப் பார்க்கும் வசதியும் அங்குண்டு. நிரல் எழுதியோர் இக்குறையைத் தம் மேசையிலேயே கண்டிருக்கலாம்.) ஆட்டத்தைப் பின்னர் மீட்டிப் பார்க்கும் ஆசையால், எழுத்து நின்ற இடத்தை அவர்கள் சட்டந்தோறும் குறித்து வந்துள்ளனர். ஐந்து நிமிடத்தில் 18,000 குறிப்புகள். ஒவ்வொரு விடையின் பின்னும் அக்குறிப்புகள் அனைத்தையும் ஒரே சரமாக்கி, 'லோக்கல் ஸ்ரோறேஜ்' எனப்படும் உலாவிச் சேமிப்பில் எழுதினர். அவ்வெழுத்து வேலை முடியும்வரை உலாவி அப்பக்கத்தில் வேறெதுவும் செய்யாது. திறமையாக ஆடி நெடுநேரம் நின்றவனுக்கே தண்டனையும் மிகுதியாயிற்று! சேமிப்பை ஆட்டத்தின் முடிவில் ஒருமுறை என்று மாற்றினோம். சட்டந்தோறும் புதுப் பொருள்களை ஆக்கி எறிந்தாலும் ஜாவாஸ்கிரிப்ற் இடையிடையே குப்பை அகற்ற நிற்குமாதலின், தீப்பொறிக் காட்சிக்குரியவற்றை முன்னரே ஆக்கி மீள மீள எடுத்தாளச் செய்தோம்.

இவ்வளவு செய்தும், எங்கோ ஒரு சட்டம் பிந்துவதை முற்றாகத் தடுத்தல் இயலாது. அதனாற் பிள்ளையின் புள்ளி குறைதல் தகுமோ? பழைய முறையில் நிரல் எழுத்தை முதலில் நகர்த்திப் பின்னரே விசையைப் பார்த்தது. தடக்கு நேர்ந்தால், அழுத்திய விசை எழுத்து கோட்டைக் கடந்த பின்பே கணக்கில் வந்தது. விசை அழுத்தப்பட்ட நேரத்தை அந்நிகழ்வே தன்னுடன் கொண்டு வருகின்றது. அந்நேரத்தில் எழுத்து எங்கிருந்திருக்கும் என்று கணித்துத் தீர்ப்புக் கூறுமாறு மாற்றினோம்.

மறு வாரம் அம்மாணவனை அழைத்து, கடிந்ததற்கு வருந்தி, அதே கணினியில் மீண்டும் ஆடச் செய்தோம். இம்முறை தவறியது ஒன்றே. 'கை' என்னும் எழுத்துக்குக் குறில் விசையை அழுத்தினான். ஐகாரக்குறுக்கத்தை அண்மையிற் படித்திருந்தமையால் அதற்கு ஒரு மாத்திரை என எண்ணினானாம். தனித்து நிற்கையில் ஐகாரம் குறுகாது என விளக்கினோம். அப்புள்ளியை மட்டும் குறைத்தோம்.