குளிசை தொடங்கப் போகும் மகளுக்கு

மகள், ஹோர்மோன் தொடங்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு இறங்கி, கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனை ஆஸ்பத்திரிக்கும் நம் திருநங்கைப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போய் வந்தே எனக்கு வயதாகிவிட்டது. நன்றாக வாழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு சாராரிடமும் படித்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன். டொக்டர் சொல்வதுதான் முடிவு. அவர் முன்னால் போய் உட்காரும்போது இவையும் உன் மனதில் இருக்கட்டும்.

1. வைத்தியனிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள். நம் பிள்ளைகள் பயத்தில் மறைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மருந்து தராமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி, தன் தாய்க்குக் காலில் இரத்தம் கட்டியிருந்ததை வாயே திறக்கவில்லை. ஹோர்மோன் தொடங்கிய சில மாதத்தில் அவளுடைய கெண்டைக்காலும் வீங்கிச் சூடேறியது. கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள். ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைவதைக் கூட்டும். குளிசையாக விழுங்கினால் ஈரல் வழியாகப் போவதால் அந்த ஆபத்து அதிகம்; தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ எடுத்தால் குறைவு. அவள் சொல்லியிருந்தால் டொக்டர் வழியை மாற்றப் பார்த்திருப்பார். அதனால் கிளினிக்குக்குப் போகுமுன் அம்மாயியிடமும் அத்தையிடமும் உட்கார்ந்து கேள். குடும்பத்தில் யாருக்கு மாரடைப்பு, யாருக்குப் பாரிசவாதம், யாருக்கு மார்புப் புற்றுநோய், யாருக்குச் சீனி, யாருக்கு பிரஷர்? லயத்தில் இறந்தவர்களின் வருத்தத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. கிழவிகளுக்குத்தான் தெரியும். கண்முன் மின்னி மின்னி வருகிற ஒற்றைத் தலைவலி உனக்கு இருந்தால் அதையும் சொல். பார்மசியில் நீயாக வாங்கி ஏற்கெனவே ஏதாவது விழுங்கியிருந்தால், வெட்கப்படாமல் அதையும் சொல்.

2. பார்மசி என்றதும் இது நினைவுக்கு வருகிறது. 'மித்துரி' வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று செய்த குளிசை, அந்த வேலைக்கு நல்லது. அதில் இருக்கிற எதினைல் எஸ்ட்ராடயோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டிக்கு அதிகம் இடம் கொடுப்பதால், நமக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று வைத்திய வழிகாட்டல்கள் தெளிவாகச் சொல்கின்றன. நமக்கு எழுதுவது உடம்பிலேயே சுரக்கும் வகையான எஸ்ட்ராடயோல். இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்து அளவை ஏற்றவும் இறக்கவும் அதில்தான் முடியும். மித்துரியை நாளுக்கு நாலைந்து என்று விழுங்கிவிட்டு, வாந்தியும் தலைச்சுற்றுமாகக் கிடந்த பிள்ளைகளின் தலைமாட்டில் நான் இருந்திருக்கிறேன். கூடக் கொஞ்சம் விழுங்கினால் மார்பு சீக்கிரம் வளரும் என்று எந்த அக்கா சொன்னாலும் நம்பாதே.

3. மனநல வைத்தியரிடம் போகச் சொன்னால் முகம் சுளிக்காதே. உனக்குப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பே 2019இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில், நம் நிலையை மனநோய்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. 2022இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பாலின அங்கீகாரச் சான்றிதழ் மனநல வைத்தியரின் கையிலிருந்துதான் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் அதன் பிறகு அடையாள அட்டையையும் திருத்த அந்தக் கடுதாசிதான் ஆதாரம். எங்கள் காலத்தில் கேட்கவும் இடமில்லை, கேட்டாலும் பதிலில்லை. உனக்கு வாசல் திறந்திருக்கிறது. வைத்தியர் கேட்பதற்கு நிதானமாகப் பதில் சொல். கிளினிக் வாசலில் யாராவது உடுப்பைப் பார்த்து உன்னை எடைபோட்டால் தலை குனியாதே, திரும்பியும் வந்துவிடாதே. பலர் திரும்பி வந்தது அந்த வாசலோடுதான்.

4. சிகரெட்டை விடு. புகையிலை வைத்து வெற்றிலை போடுவதையும் விடு. இதில் பேரம் வேண்டாம்.

5. பதறாத காரியம் சிதறாது. இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது. முதல் மாதங்களில் உன் ஆசையும் காலையில் உடம்பு விறைப்பதும் குறையும். எண்ணெய்ப் பசை அடங்கித் தோல் மென்மையாகும். மார்பில் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு சின்ன மொட்டு தட்டுப்படும், தொட்டால் நோகும். அது முழு வளர்ச்சிக்கு வர இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். பெரும்பாலும் நீ கனவு கண்ட அளவுக்கு வராது. இடுப்பிலும் தொடையிலும் சதை வைத்து உருவம் மாற இரண்டிலிருந்து ஐந்து வருஷம்கூட ஆகலாம். நம் பிள்ளை ஒருத்தி ஆறாவது மாதம் கண்ணாடியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். மருந்து வேலை செய்யவில்லை என்று அழுதாள். வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவள் ஃபேஸ்புக்கில் வேறு ஒருத்தியின் படத்தைப் பார்த்துத் தன்னை அளந்துகொண்டிருந்தாள். பதினாறு வயதில் தொடங்குகிறவளுக்கும் முப்பத்தைந்தில் தொடங்குகிறவளுக்கும் ஒரே பலன் வராது. உன் அம்மா, உன் அக்கா தங்கைகளின் உடம்புவாகும் இதில் பேசும். இன்னொருத்தியின் உடம்பை உனக்குக் கேட்காதே மகள். உனக்கு வரப்போகிற உடம்பை அன்போடு வரவேற்கப் பழகு. இது எந்த மருந்தாலும் வராத குணம், நாமேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

6. உடைந்த குரல் ஈஸ்ட்ரோஜனால் திரும்பாது. அதற்குப் பயிற்சிதான். தாடி மெலியும், போகாது. லேசரோ மின்முறையோ தனியாகச் செய்ய வேண்டும். உயரம் குறையாது. இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டவள் மருந்தைக் குறை சொல்லமாட்டாள்.

7. பிள்ளை பெறும் எண்ணம் இப்போது உனக்கு இல்லை என்கிறாய். உன் வயதில் அப்படித்தான் தோன்றும். ஹோர்மோன் விந்தைக் குறைக்கும், நிறுத்திய பிறகு அது திரும்புமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விந்தை எடுத்து உறைய வைக்க விரும்பினால் முதல் குளிசைக்கு முன்னால்தான் நல்லது. செலவுள்ள காரியம், தனியார் இடங்களில்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். வசதி இல்லை என்றாலும் யோசித்து முடிவெடு. யோசிக்காமல் இழப்பது பிறகு நெடுநாள் வலிக்கும். இன்னொன்றும் கேள்: ஹோர்மோன் எடுப்பதால் உன்னால் பிறருக்குக் கர்ப்பம் தங்காது என்று இல்லை. நோய்த்தொற்றையும் அது தடுக்காது. ஆணுறை வேண்டும்.

8. டெஸ்டொஸ்டெரோனை அடக்க இன்னொரு குளிசையும் தரலாம். சைப்ரோடெரோன் என்றால், ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும் என்பதுதான் இன்றைய வழிகாட்டல். 50 மில்லிகிராம் குளிசையை நாலாக உடைத்து ஒரு துண்டு போடச் சொன்னால், அதை அப்படியே கேள். மிச்சத்தையும் விழுங்கினால் கூடுதல் பெண்மை வராது. மனச்சோர்வு வரும், ஈரல் கெடும், வருஷக்கணக்கில் போனால் மூளை உறையில் கட்டி வரும் ஆபத்தும் உண்டு. ஸ்பைரோனோலெக்டோன் என்றால், பிரஷர் இறங்கும், அடிக்கடி சிறுநீர் போகும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பிரஷருக்கு லோசார்டன் எடுக்கிறவளானால் இன்னும் ஏறும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய. உடம்புக்கு நல்லது என்று தினமும் வெட்டிக் குடிப்பதற்கு முன் டொக்டரிடம் கேட்டுக்கொள். முதல் வருஷத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கிப் பெண்களின் அளவுக்கு வரும், அது இயல்பு. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஏற்கெனவே இரத்தக்குறைவு இருக்கலாம், அதனால் தொடங்கும் முன்பே பார்த்து வை. கிளினிக் புத்தகத்தையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வை. மழைநாளில் நனைந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த டொக்டராலும் எதுவும் செய்ய முடியாது.

9. 2022இல் நாடே மருந்துக்கு அலைந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. கிடைத்த அன்று, விட்டுப்போனதற்கும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கினார்கள். அப்படிச் செய்யாதே. தட்டுப்பாடு வந்தால் கிளினிக்குக்குப் போய்ச் சொல், மாற்று மருந்து கேள். விதைகளை எடுக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிறகு ஹோர்மோனை நீண்ட காலம் நிறுத்தினால் எலும்பு தேயும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்.

10. மனது அலைபாயும். சும்மா இருக்கும்போதே கண்ணீர் வரும், அதற்குப் பயப்படாதே. ஆனால் ஹோர்மோன் எடுத்துவிட்டால் எல்லாத் துக்கமும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதே. அப்பா பேசாமல் இருந்தால் குளிசை போட்ட பிறகும் பேசாமல்தான் இருப்பார். வேலை தராத முதலாளி தராமல்தான் இருப்பார். அந்தப் பாரத்தைச் சுமக்க மனிதர்கள் வேண்டும். தொடங்கும் முன்பே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இரண்டு பேரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். என் வீட்டுக் கதவைத் தட்ட நேரம் பார்க்காதே. சாக வேண்டும் போலிருந்தால் 1926க்கு எடு, அது தேசிய மனநல உதவி இலக்கம்.

11. ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறதா, திடீரென்று மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, முகமோ கையோ ஒரு பக்கம் இழுக்கிறதா, விடியட்டும் என்று காத்திராதே. தைலம் தேய்த்துப் பார்க்காதே. சுவ செரிய அம்புலன்சைக் கூப்பிடு, இலவசம்தான். அதில் வந்தவர்களிடம் முதல் வார்த்தையிலேயே, ஹோர்மோன் எடுக்கிறேன் என்று சொல். அம்புலன்ஸ் இலக்கம் 1990. இப்போதே உன் போனில் பதிந்துகொள்.