விசர்க்கமும் ஆய்தமும்

அடையாற்றில் உள்ள எங்கள் சிறு அலுவலகத்தில், தமிழ் உரையை எழுத்தெழுத்தாகப் பிரித்து வகைப்படுத்தும் லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தபோது, தர்க்கத்தைவிட நாமகரணமே அதிகச் சச்சரவை விளைவிக்கும் என்று நான் எண்ணியதில்லை. ஆய்த எழுத்துக்கு யூனிகோட் நியமம் அளித்திருக்கும் பெயர் ‘தமிழ் சைன் விசர்கா’. ழகரத்துக்கோ, ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்தை மும்முறை அடுக்கி ‘ஏ’ சேர்த்த ஒரு விசித்திர நாமம். மயிலாப்பூரிலிருந்து வரும் நண்பர், தமிழில் விசர்க்கம் ஏது என்று வெகுண்டு, நிரலில் ‘ஆய்தம்’ என்றே எழுதிவிட்டார். இலக்கணரீதியில் அவர் கட்சி நியாயமானதே. நியமப் பட்டியலும் அவ்வெழுத்தின் கீழ் ‘ஆய்தம்’ என்ற குறிப்பைத் தருகிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘விசர்கா’ என்று தேடிப் பார்த்துவிட்டு, “இந்த எழுத்தை நாம சப்போர்ட் பண்ணலையா, சார்?” என்று கேட்டாள்.

ஒருமுறை சூட்டிய பெயரை யூனிகோட் மாற்றுவதில்லை. ‘பிராக்கெட்’ என்ற சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம்மாறிப் பதிவான ஒரு குறியின் பெயரைக்கூட அப்படியே விட்டுவிட்டு, பிழையற்ற மாற்றுப்பெயர் ஒன்றைத் துணையாகச் சேர்த்தார்கள்.

அந்த உபாயத்தையே நாங்களும் கைக்கொண்டோம். உள்ளே நியமப் பெயர். நண்பரின் ‘ஆய்தம்’ வெளியே அதைச் சுட்டும் மாற்றுப்பெயர். இந்தத் திசை ஒருபோதும் தலைகீழாகக் கூடாது. வழக்கிலிருந்த பழைய பெயர்களை உடனே நீக்காமல், எச்சரிக்கை காட்டி அடுத்த வெளியீடு வரை விட்டுவையுங்கள். இவை எல்லாவற்றினும் பிரயோஜனமானது, யூனிகோட் வெளியிடும் ‘யூனிகோட் டேட்டா’ கோப்பை வாசித்து, நம் உள்பெயர் ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிட்டு, ஓர் எழுத்து பிசகினாலும் பில்டை நிறுத்திவிடும் ஒரு டெஸ்ட். அது வந்த பிறகு ரசனை பற்றிய விவாதமே எழவில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. எச்.டி.டி.பி. நெறிமுறையின் ‘ரெஃபரர்’ என்ற தலைப்பில் ஓர் ‘ஆர்’ விடுபட்டபடியே 1996இல் ஆர்.எஃப்.சி. 1945 வெளிவந்தது, 2022இன் ஆர்.எஃப்.சி. 9110இலும் அது அவ்வாறே நிலைத்திருக்கிறது. பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட்டிலோ அதே சொல் திருத்தமான எழுத்துகளோடு வழங்குவதால், நிரலாளர் இரண்டையும் நினைவில் சுமக்க நேர்கிறது. கோ மொழியின் லைப்ரரி நெறிமுறையின் பிழையையே பின்பற்றி, அதற்கான காரணத்தையும் அருகிலேயே எழுதிவைத்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில் கோ செய்ததே சரி.